கிழக்க நகந்த வீடு

அங்கயற்கண்ணி வீடு மொத மொதல்ல நகந்தது ஒரு செவ்வாக்கெழம, மத்தியானச் சோத்த உண்டுட்டு ஊரே கண்ணசந்து கெடந்த நேரத்துல. ரெண்டு மணிக்கு எல்லாரும் படுக்கும்போது மேக்குக் கோடியிலருந்து மூணாவதா இருந்த வீடு, நாலு மணிக்குக் காப்பி போட எந்திரிக்கும்போது நாலாவதா இருந்துச்சு, நாலாவதா இருந்த தறிக்கார சங்கரமூர்த்தி வீடு, வரிசையில நிக்கிறவரு "அவசரம்னா நீங்க முன்னால போங்க"ன்னு வழி விட்ட மாதிரி மூணாவது எடத்துல ஒதுங்கி நின்னுச்சு.

யாரும் கத்தல, யாரும் சாமியாடல, டிவிக்காரங்களுக்கு யாரும் போன் போடல. சங்கரமூர்த்தி சம்சாரம் தூக்கக் கலக்கத்துல கொடியிலருந்த துணிய எடுத்து மடிச்சு, அஞ்சாவது பாவாடையிலதான் இது நம்ம வீட்டுப் பாவாடை இல்லையேன்னு நின்னாங்க. பால்காரரு ரெண்டு நாள் அளவு மாத்தி ஊத்தி ரெண்டு வீட்டுலயும் ஏச்சு வாங்கிட்டு மூணாம் நாள் சரியா ஊத்துனாரு, கரண்டுக் கணக்கு எடுக்க வந்தவரு மீட்டர் வீட்டோடயே வந்துருச்சுல்ல, அது போதும்னு எழுதிட்டுப் போனாரு, தபால்காரரு மட்டும் அன்னையிலருந்து கதவு நம்பரப் பாக்குறத விட்டுட்டு மொகத்தப் பாத்துக் காயிதம் குடுக்க ஆரம்பிச்சாரு, முப்பது வருசத்துல அவரு எங்க மொகத்தப் பாத்தது அதுதான் மொத தடவ.

வீடு ஏன் நகந்துச்சுன்னு கேட்டா எங்களுக்குத் தெரியாது. அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு கேட்டா சொல்லலாம்.

அங்கயற்கண்ணிக்கு ஒரே மக, பேரு ஆவுடை, பதினோரு வயசு. அதுக்கு நாலு மாசத்துக்கு முன்னால ஒரு சாயங்காலம் புருசன் காசிராஜன் ஸ்டூலத் தூக்கி எறிஞ்சதுல புள்ளைக்கு எடது கை ஒடிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்டப்ப, மாடிப்படியில விழுந்துட்டான்னு அங்கயற்கண்ணி சொன்னா. டாக்டரம்மா தலைய ஆட்டிட்டு உள்ள போய் ஒரு போன் பண்ணுனாங்க. மறுநாள் குழந்தைப் பாதுகாப்பு ஆபீஸ்லருந்து சுபத்ரா மேடம் ஸ்கூட்டர்ல வந்து எறங்கி, தலையிலருந்து ஹெல்மெட்டக் கழட்டாமலே வீட்டச் சுத்தி வந்து மாடிப்படியத் தேடுனாங்க. அந்த வீட்டுக்கு மாடி கெடையாது, பக்கத்து வீட்டுக்கும் கெடையாது, அந்த வரிசையில மொத்தத்துக்கும் இருந்த படி வாசப்படி ஒண்ணுதான். "எந்தப் படிங்க?"ன்னு மேடம் கேட்டதுக்கு அங்கயற்கண்ணி அந்த வாசப்படியத்தான் பாத்தா.

குழந்தைகள் நலக் குழுவுல ஒக்காந்து பேசி, ஆவுடைய ஒரு வருசத்துக்கு வளர்ப்பு வீட்டுல விட்டாங்க. வளர்ப்பு வீடுன்னா ஏதோ தூர ஊருன்னு நெனைக்காதீங்க, எங்க நெடுந்தெருவுலயே கிழக்குக் கோடி, தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல மிக்சி கிரைண்டர் சரி பண்ணுற செல்வநாயகம் வீடு, அவரு சம்சாரம் பாக்கியமணிதான் புள்ளையப் பாத்துக்கிட்டது. ஒரு வருசத்துக்குள்ள பெத்தவ வீடு புள்ளைக்கு ஆபத்தில்லாத வீடுன்னு குழுவுக்குத் தெரிஞ்சா புள்ள திரும்பலாம், தெரியலைன்னா பதினெட்டு வயசு வரைக்கும் இங்கனதான். மேக்க ஒரு வீடு, கிழக்க ஒரு வீடு, நடுவுல அறுவது வீடு.

அந்தச் செவ்வாக்கெழம காலையில அங்கயற்கண்ணி, தான் காலண்டருக்குத் தகரப்பட்டை அடிக்கிற வேலை பாக்குற அச்சாபீஸ்ல அரைநாள் லீவு சொல்லிட்டு, பஸ் ஏறிக் குழு முன்னால போய் நின்னு, "அவ விழல. அவ அப்பா ஸ்டூல எறிஞ்சாரு, நான் பக்கத்துலதான் நின்னேன். விழுந்தான்னு பொய் சொன்னது நான்"னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தா. வந்து ஆறுன சோத்தத் தின்னுட்டுப் படுத்தா. வீடு நகந்துச்சு.

அதுக்கப்புறம் அது பாட்டுக்கு நகந்துச்சு, எப்பவும் மத்தியானத் தூக்கத்துலதான். காசிராஜன் கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்டுல உத்தரவு வாங்குன வாரம் நாலு வீடு. அவன் அக்கா ஊருக்குப் போனவன் ஒரு நாள் திரும்பி வந்து, வாசல்ல நின்னு, தண்ணி மட்டும் குடுன்னு அழுதான், அழுறதுல அவனுக்கு ஈடு கெடையாது, கேக்குற கல்லும் பாய் விரிச்சு ஒக்காரச் சொல்லும். அங்கயற்கண்ணி ஜன்னல் கம்பி வழியாச் செம்ப நீட்டுனா, கதவத் தொறக்கல. மறுநாள் ஒரே மூச்சுல ஏழு வீடு.

சனிக்கெழம சனிக்கெழம ஒரு மணி நேரம் மகளப் பாக்கலாம்னு உத்தரவு, பாக்கியமணி வீட்டு முன்ரூம்ல, சுபத்ரா மேடம் ஒக்காந்திருக்கையில. மொத சனிக்கெழம ஆவுடை பேசவே இல்ல, கணக்கு நோட்ட விரிச்சு வச்சுக்கிட்டுப் பின்னக் கணக்கு போட்டா, பெத்தவ எதுத்தாப்புல ஒக்காந்து அறுவது நிமிசமும் புள்ள கணக்குப் போடுறதப் பாத்துட்டு எந்திரிச்சு வந்தா. அந்த வாரம் வீடு பாதிதான் நகந்து ரெண்டு வீட்டுக்கு நடுவுல நின்னுச்சு. இத எத்தனாவதுன்னு எழுதுறதுன்னு டீக்கடையில பெரிய வழக்காகி, கடைக்காரரு தினமும் வீட்டோட எடத்தச் சாக்பீஸால எழுதிப் போடுற சிலேட்டுல 'பதினாறே அரை'ன்னு போட்டாரு.

நாங்க பழகிக்கிட்டோம். கவிழ்ந்த லாரியப் பழகல, கொரோனாவப் பழகல, இத ஒரு வாரத்துல பழகிக்கிட்டோம். பதினோரு வருசமா வேலித் தகராறு பண்ணுன ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல இவ வீடு வந்து நின்னப்ப, ரெண்டு நாள் அமைதியா இருந்து பாத்தாங்க, சாப்பாடு எறங்கல போல, மூணாம் நாள் இவ ஓட்டுக் கூரைக்கு மேல எட்டி ஏசிக்கிட்டாங்க. ஒவ்வொரு வாரமும் புதுசா ஒரு அடுத்த வீடு, ஒவ்வொரு அடுத்த வீட்டுலருந்தும் ஒரு கிண்ணம் கொழம்பு, கிண்ணத்தத் திருப்பிக் குடுக்க அவ நாலஞ்சு வீடு பின்னால நடந்து போக வேண்டியிருக்கும். மேக்குக் கோடியில அவளுக்கு அடுத்தாப்புல இருந்தவங்க மட்டும் கொழம்பு குடுக்கல. அந்த வீட்டுல அடி விழுற சத்தம் கேக்குறப்பல்லாம் டிவிய ஏத்தி வச்சவங்க அவங்க. இப்ப வீடு அவங்களத் தாண்டிப் போயிருச்சு, அவங்க டிவியும் சத்தம் கொறஞ்சு போச்சு.

கஷ்டப்பட்டது சுபத்ரா மேடம்தான். வீட்ட நேர்ல பாத்து எழுதுற படிவத்துல நிரந்தர முகவரின்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல அவங்க பென்சிலால எழுதி, அடுத்த மாசம் அழிச்சு, அந்த எடத்துல காயிதமே ஓட்டையாகிப் போச்சு. வீடு எப்படியிருக்குன்னு மேலதிகாரி கேட்டதுக்கு, வீடு நல்லாத்தான் இருக்கு சார், நாளுக்கு நாள் முன்னேற்றம்தான்னு சொன்னாங்களாம், அவரும் அத வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டு ரொம்ப சந்தோசம்னு போன வச்சுட்டாராம்.

இப்படி வந்த வீடு முப்பத்து மூணாவது எடத்துல, தேரடிக்கு எதுத்தாப்புல வந்ததும் நின்னு போச்சு. ஒரு வாரம், ரெண்டு வாரம், அஞ்சு வாரம் அசையல. சிலேட்டுல முப்பத்து மூணு காஞ்சு கெடந்துச்சு. அங்கயற்கண்ணி ஒரு சனிக்கெழமையும் விடல, குழு சொன்ன ஆலோசனை வகுப்பு ஒண்ணையும் விடல, ஆவுடையும் அப்பப்ப நாலு வார்த்தை பேச ஆரம்பிச்சிருந்தா, ஆனா வீடு நகரல. வருசம் முடிய மூணு மாசம்தான் இருந்துச்சு.

அப்பத்தான் சித்திரைத் தேரு வந்துச்சு. எங்க ஊரு ஆளுகளுக்கு ஒரு வித்தையில அபார ஞானம் உண்டு, நின்னு போன கனமான பொருள எப்படி நகத்துறதுங்கிற வித்தை. தேரு நின்னா முட்டுக்கட்டைய எடுப்போம், நெம்புகோலக் குடுப்போம், வடத்தப் புடிச்சு இழுப்போம், வேற எதையும் நாங்க யோசிக்க மாட்டோம். தேரு நெலைக்கு வந்த மறுநாள், வடம் இன்னும் சுருட்டாமக் கெடக்கையில, கவுன்சிலர் பொன்னுப்பாண்டி அந்த வீட்டப் பாத்தாரு, வடத்தப் பாத்தாரு, திரும்ப வீட்டப் பாத்தாரு. அம்புட்டுதான், யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கல.

சுபத்ரா மேடம் அன்னைக்கு ஊர்ல இல்ல. அங்கயற்கண்ணி வேணாம்னு சொல்லல, அவளுக்கு அஞ்சு வாரம் அஞ்சு வருசமாத் தெரிஞ்சுச்சு. வாசத்தூணு ரெண்டையும் சேத்து வடத்தக் கட்டுனாங்க. வீட்டுக்குச் சக்கரம் இல்லையேன்னு ஒருத்தரும் கேக்கல, சக்கரத்தோடயா இவ்வளவு தூரம் வந்துச்சு? நானூறு பேரு ஒரே கொரல்ல சத்தம் குடுத்து இழுத்தாங்க, பொம்பளைக முன்னால தண்ணி தெளிச்சுக்கிட்டே போனாங்க, ஓடு ஒண்ணு ரெண்டு சரிஞ்சு விழுந்ததத் தவிர வீடு எழைஞ்சு எழைஞ்சு வந்துச்சு, வழியிலருந்த வீடுகள்லாம் அவசர அவசரமா ஒதுங்குனதுல சில வீட்டுல கொதிச்ச ரசம் சிந்திப் போச்சு, அங்கயற்கண்ணி தன் வாசப்படியிலயே உற்சவர் மாதிரி நின்னுக்கிட்டு வந்தா.

எங்க ஊருல ஒரு வழக்கம், வடத்தத் தொட யாருக்கும் தடை கெடையாது. கடன்காரனும் தொடலாம், கள்ளனும் தொடலாம், அன்னைக்கு ஒரு நாள் யாரையும் யாரும் 'நீ யாரு'ன்னு கேக்கக் கூடாது. அதனால நெத்தி நெறையத் திருநீறு பூசிக்கிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கிட்டு காசிராஜன் வந்து வடத்துல கை வச்சப்ப யாரும் தடுக்கல. தடுக்காததோட விட்டாங்களா, பெத்த தகப்பன் இழுத்தா இன்னும் வெரசா வரும்னு கவுன்சிலரே தோளப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி மொத ஆளா நிறுத்துனாரு. சில பொம்பளைக கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க, குடும்பம் ஒண்ணு சேருதேன்னு.

கிழக்குக் கோடியில ஆவுடை வாசல்ல ஒக்காந்து செல்வநாயகம் சரி பண்ணுன மிக்சி ஜாரத் தொடச்சுக்கிட்டு, தன் வீடு தெருவுல வர்றத நல்ல வேடிக்கையாப் பாத்துக்கிட்டிருந்தா. எட்டு வீட்டுத் தூரத்துல வர்றப்ப வடத்துல மொதல்ல இருந்த கையப் பாத்தா. கத்தல. ஜாரக் கீழ வச்சா, மூடிய மேல வச்சா, எந்திரிச்சு உள்ள போயி, பழைய கிரைண்டருக அடுக்கி வச்சிருக்கிற பின்ரூம்ல அதுகளுக்குப் பின்னால ஒக்காந்துக்கிட்டா. பாக்கியமணி வாசல்ல வந்து நின்னுச்சு. பாக்கியமணி நின்னா அந்த வாசல்ல வேற ஒண்ணுக்கும் எடம் இருக்காது.

மக உள்ள போனத அங்கயற்கண்ணி படியில நின்னு பாத்தா. எதப் பாத்துட்டுப் போறான்னு வடத்து வழியாவே கண்ண ஓட்டுனா. குதிச்சு எறங்குனவ, கட்டை போடுறவரு கையிலருந்த முட்டுக்கட்டையப் புடுங்கி, தன் வீட்டுக்கு முன்னால தானே போட்டா. வீடு நின்னுச்சு. நானூறு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் மோதிக்கிட்டு நின்னாங்க.

"கைய எடு"ன்னா.

"எல்லாரும் தொடுற வடம்"னான் காசிராஜன், கொரலு அதுக்குள்ளயே அழுகைக்கு ஏறிருச்சு. "எம்மவ வீடு வந்து சேர நான் இழுக்கக் கூடாதா?"

கவுன்சிலர் நடுவுல வந்து, நல்ல நாளும் அதுவுமா எதுக்கும்மா, சாமி வடம், பெத்த அப்பன்தானன்னு இழுத்தாரு. அவரு எந்தப் பஞ்சாயத்துலயும் இதே கொரல்லதான் இதே மூணத்தான் சொல்லுவாரு.

அங்கயற்கண்ணி அவரப் பாக்கல. "எம்மவ கைய ஒடிச்சது இந்தக் கைதான். அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் சொல்லல, இப்ப எல்லாருக்கும் கேக்கச் சொல்றேன். இந்தக் கை இழுத்துட்டு வர்ற வீட்டுக்கு எம்மவ வர வேணாம். ஏட்டய்யா, கோர்ட்டு உத்தரவு உள்ள பொட்டியில இருக்கு. எடுத்துட்டு வரவா, இல்ல ஞாபகம் இருக்கா?"

எங்க ஸ்டேஷன் ஏட்டய்யா வடத்துல நாலாவது ஆளா நின்னாரு. அவரு வடத்த விட்டாரு, உள்ளங்கையப் பேண்டுல தொடச்சாரு, ரெண்டு ஆளத் தாண்டிப் போயி காசிராஜன் மணிக்கட்டப் புடிச்சாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு கையா வடத்த விட்டுச்சு, மொத வரிசையிலருந்து கடைசி வரிசை வரைக்கும், நானூறு பேரும் பள்ளிக்கூடத்துல மாட்டிக்கிட்டவங்க மாதிரி கையப் பின்னால கட்டிக்கிட்டாங்க. அங்கயற்கண்ணி வடத்த அவுத்துப் போட்டுட்டு, எதுத்தாப்புல வாசல்ல நின்ன பாக்கியமணியப் பாத்து, "அக்கா, அவகிட்ட சொல்லுங்க, அவரு போயிட்டாருன்னு"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் நாங்க மத்தியானத் தூக்கம் தூங்கி எந்திரிச்சுப் பாத்தா வீடு மேக்குக் கோடியிலருந்து மூணாவதா நின்னுச்சு, நகந்த அம்புட்டு மாசமும் ஒரே தூக்கத்துல போயிருச்சு. டீக்கடைக்காரரு சிலேட்ட அழிச்சுட்டு ஒண்ணும் எழுதல. கவுன்சிலர் ஒரு வாரம் வேற தெரு வழியாப் போனாரு. அங்கயற்கண்ணி மட்டும் எந்திரிச்சா, வாசத் தெளிச்சா, சரிஞ்ச ஓட்ட எடுத்து வச்சா, வேலைக்குப் போனா, சனிக்கெழம வந்ததும் மேக்கருந்து கிழக்க முழுத் தெருவையும் நடந்தா. வழிநெடுக நாங்க வாசல்ல நின்னோம், ஒருத்தரும் ஆறுதல் சொல்லல, சொல்றதுக்கு மொகம் இருந்தாத்தான?

அந்தச் சனிக்கெழமதான் பாக்கியமணி அந்தக் கேள்வியக் கேட்டுச்சு. குழு வீட்டப் பத்திக் கேட்டுச்சு, கோர்ட்டு அப்பனப் பத்திக் கேட்டுச்சு, ஊரு வடத்தப் பத்தி மட்டும் யோசிச்சுச்சு. மேடம் புள்ளைகிட்ட மாசா மாசம் கேட்டாங்கதான், ஆனா படிவத்துல உள்ள கேள்வியக் கேட்டாங்க, புள்ளையும் படிவத்துக்கு ஏத்த மாதிரி பதில் சொல்லுச்சு. பாக்கியமணி அவிச்ச கடலையத் தட்டுல வச்சுக்கிட்டே, பெரிய விசயமாக் கேக்காம, "ஏட்டி, அந்த வீட்டுல என்ன இருந்தா நீ பயமில்லாம ஒறங்குவ?"ன்னு கேட்டுச்சு.

ஆவுடை ஒரு கடலைய உரிச்சா. அத வாயில போடாம வச்சுக்கிட்டே சொன்னா, "தாழ்ப்பா உச்சியில இருக்கு, அத்தை. எனக்கு எட்டாது. அவரு தட்டுனா அம்மா தொறந்துரும், நான் போய்ப் போட முடியாது. எனக்கு எட்டுற எடத்துல ஒண்ணு வேணும். நான் போட்டா நான்தான் தொறக்கணும், வேற யாரும் தொறன்னு சொல்லக் கூடாது. அம்மாவும்."

சுபத்ரா மேடம் பேனாவ மூடிட்டாங்க. அங்கயற்கண்ணி வாயப் பொத்திக்கிட்டு எந்திரிச்சவ, அழல, மகளக் கதவோட சேத்து நிறுத்தி, தோள் ஒசரத்துல சாக்பீஸால கோடு போட்டு, சாணு சாணா அளந்துக்கிட்டா. செல்வநாயகம், நானே வந்து மாட்டித் தர்றேன் தங்கச்சின்னாரு. வேணாண்ணே, திருப்புளி மட்டும் குடுங்கன்னு வாங்கிட்டுப் போனா. பழைய வேங்கைக் கதவு, திருகாணி எறங்குமா, உள்ளங்கை தோலு உரிஞ்சு, ஞாயித்துக்கெழம பொழுது சாயுறதுக்குள்ள நாலு ஆணியும் எறக்கிட்டா.

திங்கக்கெழம வீடு பதினஞ்சாவது எடத்துல இருந்துச்சு. அந்த மாசம் தேரடியத் தாண்டுச்சு, நிக்கக்கூட இல்ல. நாங்க ஒருத்தரும் தொடல, கவுன்சிலர் வடத்தக் கோயில் அறையில வச்சுப் பூட்டிச் சாவிய அங்கயற்கண்ணிகிட்டயே குடுத்துட்டாரு, தெருவுல போறவங்க அந்த வீட்டோரமா நடக்கும்போது செவுத்துல கை பட்டுறக் கூடாதேன்னு ஒதுங்கி நடந்தாங்க. வருசம் முடிய ஒம்பது நாள் இருக்கையில, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாக்கியமணி வீடு, இந்தப் பக்கம் அங்கயற்கண்ணி வீடு, வாசலுக்கு வாசல் நேரா நின்னுச்சு. குழுவுலருந்து உத்தரவு வந்துச்சு, புள்ள சம்மதிச்சாத் தாயோட இருக்கட்டும், ஆறு மாசத்துக்கு மேடம் வந்து பாத்துக்கிட்டே இருப்பாங்கன்னு.

பாக்கியமணி புள்ளையோட பைய அடுக்குனப்ப, காலி மிக்சிய ஓட விட்டுக்கிட்டே அடுக்குச்சு. அழுகச் சத்தம் கேக்காம இருக்கத்தான்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் மிக்சிய நிறுத்தச் சொல்லல. முடிச்சதும் மொகத்தக் கழுவிட்டு வெளிய வந்து, "திருப்பிக் குடுக்கத்தான் வாங்கினேன். நல்லபடியாக் குடுக்கணும்ல"ன்னு யாருகிட்டயோ சண்டை போடுற மாதிரி சொல்லுச்சு.

காலையில பத்து மணி. ஆவுடை பையத் தோள்ல மாட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் பாத்துட்டு ரோட்டத் தாண்டுனா. அங்கயற்கண்ணி வாசல்ல கைய விரிச்சுக்கிட்டு நின்னா. புள்ள அந்தக் கையத் தாண்டி, படியேறி, தனியா உள்ள போயி, கதவச் சாத்தி, தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டா.

தெருவே நின்னுச்சு. அங்கயற்கண்ணி விரிச்ச கைய மெதுவா எறக்கி, தன் வீட்டு வாசப்படிக்கு வெளிய, மண்ணுல ஒக்காந்தா. கொஞ்ச நேரங்கழிச்சு பாக்கியமணி ரோட்டத் தாண்டி வந்து பக்கத்துல ஒக்காந்துச்சு. சுபத்ரா மேடம் ஸ்கூட்டர்ல சாஞ்சுக்கிட்டு மணியப் பாக்காம இருக்கப் பாத்தாங்க. உள்ள காலடி கேட்டுச்சு, பீரோக் கதவு கிறீச்சுன்னுச்சு, ஒரு பாத்திரம் விழுந்துச்சு, அப்புறம் ஒண்ணும் கேக்கல. அரை மணி நேரம், முக்கா மணி நேரம். கவுன்சிலர் பொறுக்க மாட்டாமக் கதவத் தட்டக் கையத் தூக்குனாரு. அங்கயற்கண்ணி திரும்பிப் பாத்தா. தூக்குன கையால அவரு தலையச் சொறிஞ்சுக்கிட்டாரு.

"உச்சி வெயிலு வந்துரும்மா"ன்னாரு யாரோ.

"வரட்டும்"னா அங்கயற்கண்ணி. "அவ தொறக்குறப்பத் தொறக்கட்டும். நான் சாயங்காலம் வரைக்கும் இருப்பேன், நாளைக்கும் இருப்பேன்."

வெயிலு அவ மடிக்கு வந்துச்சு, தோளுக்கு வந்துச்சு, தலைக்கு வந்துச்சு. பாக்கியமணி முந்தானைய ரெண்டு பேரு தலைக்குமாச் சேத்துப் போட்டுச்சு. மத்தியானத் தூக்கத்துக்கு அன்னைக்கு எங்க தெருவுல ஒருத்தர்கூடப் போகல.

தாழ்ப்பாள் விலகுற சத்தம் சின்னதுதான், ஆனா தண்ணித்தொட்டி வரைக்கும் கேட்டுச்சு. கதவு ஒரு சாணு தொறந்துச்சு. ஆவுடை தலைய மட்டும் வெளிய நீட்டி, மொதல்ல தெருவ ஒரு தடவ மேக்கயும் கிழக்கயும் நிதானமாப் பாத்தா, ஒவ்வொரு மொகமா, அப்புறம் கீழ ஒக்காந்திருந்தவங்களப் பாத்தா.

"அம்மா, உள்ள வா"ன்னா. "அத்தை, நீங்களும். மத்தவங்கள்லாம் நாளைக்கு."